கையில் களிமண், எதிரே ஒரு பெரியவர்

2020 மார்ச்சில் பள்ளிகளை அடைத்தபோது இரண்டு வாரம், மிஞ்சினால் ஒரு மாதம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்குப் பள்ளி மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. ஒன்றாம் வகுப்பின் கடைசிப் பருவத்தில் பையை மூலையில் வைத்த பிள்ளை அடுத்து வகுப்பறைக்குள் கால் வைத்தபோது மூன்றாம் வகுப்பில் இருந்தது. 2020இல் ஒன்றாம் வகுப்புக்குப் பெயர் கொடுத்த பிள்ளையோ வகுப்பறையைப் பார்க்காமலே இரண்டாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தது. விருத்தாசலம் போன்ற ஊரில் அந்த மாதங்கள் எப்படிப் போயின என்பது இன்னும் நினைவில் இருக்கிறது. அரசுப் பாடநூல் வீட்டுக்கு வந்தது. கல்வித் தொலைக்காட்சியில் வகுப்புவாரியாக நேரம் குறித்துப் பாடம் ஓடியது. வாட்ஸ்அப் குழுவில் பயிற்சித் தாள் வந்து விழுந்தது. அப்பா வேலைக்குக் கிளம்பும்போது போனும் அவரோடு கிளம்பியது. இவ்வளவு வந்தும் ஆறு, ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளிடம் படிப்பு தங்கவில்லை. ஏன் தங்கவில்லை என்பதை நாம் ஊன்றிக் கேட்டுக்கொள்ளவில்லை. பள்ளி திறந்ததும் அப்பாடா என்று விட்டுவிட்டோம். ஞாயிறு, பண்டிகை, மழை, கோடை என்று ஒரு பிள்ளை வீட்டிலேயே கழிக்கும் நாள்கள் இன்றும் ஆண்டில் நூறைத் தாண்டுகின்றன. ஆகவே அந்தக் கேள்விக்கு இன்னும் வேலை இருக்கிறது.

அதற்கு நான் சொல்லும் பதில் இது. வீட்டில் கற்கும் நாளைப் பள்ளிக்கூடக் கால அட்டவணையைப் போல நடத்தப் பார்த்ததால்தான் அது தோற்றது. சிறு பிள்ளைக்கு வேண்டியவை இரண்டு: பிசையவோ அடுக்கவோ அளக்கவோ கையில் ஒரு பொருள், அந்தப் பொருளைப் பற்றிப் பிள்ளையோடு பேச எதிரே ஒரு பெரியவர். இரண்டும் சேர்ந்து கிடைத்தால் நாளில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் போதும். திரையும் தாளும் மட்டும் இருந்தபோது நடந்ததற்குச் சான்றுகள் உண்டு. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வு, ஐந்து மாநிலங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 16,067 பேரைப் பார்த்தது. முந்தைய ஆண்டில் கைவந்திருந்த மொழித்திறன்களில் குறைந்தது ஒன்றையாவது 92 விழுக்காட்டினர் இழந்திருந்தார்கள். கணக்கில் அது 82 விழுக்காடு. அந்த ஐந்தில் தமிழ்நாடு இல்லை என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றலை அளக்கும் அசர் அறிக்கையின்படி நம் கிராமப்புறத்தில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் 10.2 விழுக்காடு, 2022இல் 4.8. இன்னொரு சான்று தொலைவிலிருந்து வருகிறது, ஆனால் என் வாதத்துக்கு அதுதான் மிக நெருக்கமானது. போட்ஸ்வானாவில் பள்ளிகள் மூடியிருந்தபோது சுமார் 4,500 குடும்பங்களிடம் ஒரு சோதனை நடந்தது. சில வீடுகளுக்கு வாரந்தோறும் கணக்குகள் குறுஞ்செய்தியாக மட்டும் போயின. வேறு சில வீடுகளுக்குச் செய்தியோடு வாரம் ஒருமுறை ஒரு பயிற்றுநர் போன் செய்து, பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து வைத்து 15, 20 நிமிடம் அந்தக் கணக்கைப் பற்றிப் பேசினார். வெறும் செய்தி போன வீடுகளில் பலன் தென்படவில்லை. பேச்சு போன வீடுகளில் பிள்ளைகள் முன்னேறினார்கள். கணக்கு ஒன்றுதான், நடுவில் ஒரு மனிதக் குரல் இருந்ததுதான் வித்தியாசம்.

கையில் கொடுக்கும் பொருளைத் தேடி விருத்தாசலம் அலைய வேண்டியதில்லை. நெய்வேலிச் சுரங்கப் பகுதியை ஒட்டிக் கிடைக்கும் களிமண்தான் இந்த ஊரை செராமிக் ஊராக்கியது. அகல்விளக்கு, கொலு பொம்மை, ஊறுகாய் ஜாடி, மின்சாரப் பீங்கான் சாமான் என்று தொழிற்பேட்டைக் கூடங்களில் செய்யாதது குறைவு. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே இங்கே ஒரு பாலிடெக்னிக்கும் இருக்கிறது. ஆனால் ஊரில் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் நான் களிமண்ணைச் சொல்லவில்லை. இந்த வயதின் சிந்தனைக்கும் களிமண்ணுக்கும் ஆழமான தொடர்பு உண்டு. பிள்ளைகளின் சிந்தனை வளர்வதை ஆராய்ந்த சுவிட்சர்லாந்துக்காரர் ழான் பியாஜே கையாண்ட சோதனைகளில் ஒன்று களிமண் உருண்டையை வைத்துத்தான். ஒரே அளவான இரண்டு உருண்டைகளைப் பிள்ளையிடம் காட்டி, இரண்டும் சமம்தானே என்று கேட்பார். ஒன்றை எதிரிலேயே நீளத் திரியாக உருட்டிவிட்டு, இப்போது எதில் மண் அதிகம் என்பார். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் பலர் நீளமானதில்தான் அதிகம் என்பார்கள். ஏழு, எட்டு வயதில், எதையும் சேர்க்கவில்லை, எடுக்கவுமில்லை, அதனால் அதே மண்தான் என்ற பதில் வருகிறது. கூட்டல் கழித்தல் முழுவதும் நிற்பது இந்த அறிதலின் மேல்தான். அளவு மாறாமல் வடிவம் மாறலாம் என்று புரியாத பிள்ளைக்கு, 7ஐ 5ம் 2ம் என்று பிரித்தாலும் 7தான் என்பது மனப்பாட வரியாகவே நிற்கும். 1969இல் வெளியான ஓர் ஆய்வு இதை மெக்சிகோவின் மட்பாண்டக் குடும்பங்களில் சோதித்தது. பிரைஸ் வில்லியம்ஸும் அவருடைய கூட்டாளிகளும் அந்த வீட்டுப் பிள்ளைகளை அதே ஊரின் மற்ற வீட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். உருண்டை திரியானாலும் மண் மாறாது என்பதில் மண்ணோடு புழங்கிய பிள்ளைகள் தெளிவாக முந்தியிருந்தார்கள். ஆய்வுக்கு எடுத்தவர்கள் சிலரே, அதனால் அதன் மேல் பெரிய கட்டடம் எழுப்பமாட்டேன். என்றாலும் செராமிக் ஊர் ஒன்று கவனிக்க வேண்டிய செய்தி அது.

அப்படியானால் ஒரு நாளை எப்படி அமைப்பது? வெயில் ஏறுமுன் களிமண். முதலில் இரண்டு உருண்டை, ஒரு சின்னத் தராசு. தராசு இல்லாத வீட்டில் ஒரு குச்சியின் நடுவில் கயிறு கட்டி, இரு முனையிலும் கொட்டாங்கச்சியைத் தொங்கவிட்டால் போதும். சமமாக நிற்கும் உருண்டைகளில் ஒன்றைத் தட்டையாக்கச் சொல்லிவிட்டு, தராசில் வைக்கும் முன், எந்தப் பக்கம் இறங்கும் என்று கேட்க வேண்டும். கேள்வி முன்னால் வருவது முக்கியம். பிள்ளை ஒரு பதிலைத் துணிந்து சொன்ன பிறகுதான் தராசு காட்டுவது அதன் மனதில் இறங்கும். அடுத்து ஓர் உருண்டையை இரண்டாக்கினால் அரை, அதையும் இரண்டாக்கினால் கால், இன்னும் ஒருமுறை பிரித்தால் அரைக்கால். எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்தால் மறுபடி ஒன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வழியாகப் பின்னங்களைச் செவியால் ஏற்றினார்கள். இங்கே அதைக் கண்ணும் விரலும் சரிபார்க்கின்றன. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தும் மண்ணிலேயே வரும். இரண்டு திரிகளை வைத்தால் ட. வலப்பக்கம் இன்னொரு திரியை நிறுத்தினால் ப. எடுத்துவிட்டால் மறுபடி ட. கோடு எங்கே சேர்கிறது, எந்தப் பக்கம் நிற்கிறது என்பது ஒரு எழுத்தை இன்னொன்றாக்கும் என்ற விஷயம் நோட்டில் பத்து வரி எழுதுவதைவிட இதில் தெளிவாகத் தெரியும். தவறினால் அழிப்பான் தேவையில்லை, திரியை நகர்த்தினால் போதும். மூன்றாம் வகுப்புக்காரருக்கு வேறு வேலை. ஈர மண்ணைப் பட்டையாகத் தட்டி, அதன் மேல் சரியாக 10 சென்டிமீட்டர் கோடு கீறி நிழலில் வைக்க வேண்டும். ஈரம் போகப் போக மண் சுருங்கும். காய்ந்தபின் அளந்தால் கோடு சில மில்லிமீட்டர் குறைந்திருக்கும். இந்தச் சுருக்கத்தைக் கணக்கில் வைத்துத்தான் செராமிக் கூடத்தில் அச்சைச் சற்றுப் பெரிதாகச் செய்கிறார்கள். குறைந்தது எவ்வளவு, எங்கே போயிற்று, மறுபடி தண்ணீர் விட்டால் திரும்புமா என்று பேசினால் கணக்கும் அறிவியலும் ஒரே பட்டையில் வந்துவிடும். உச்சிவேளைக்கு எதையும் திணிக்க வேண்டாம், ஓடட்டும், தூங்கட்டும். மாலையில் பெரியவர் ஒரு கதை சொல்லலாம், இருக்கிற புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கலாம். நாள் முடியும் முன் காலையில் செய்ததைப் பிள்ளை இரண்டு வரியாவது எழுத வேண்டும். எழுதத் தெரியாத பிள்ளை வாயால் சொல்ல, பெரியவர் எழுதிப் படித்துக் காட்டலாம்.

அந்த இரண்டு வரியை ஒப்புக்குச் சேர்க்கவில்லை. கையால் செய்தது தானாகவே பள்ளிப் படிப்பாகிவிடும் என்பதற்கு எதிராக வலுவான சான்று இருக்கிறது, அதை மறைத்து வாதிடக் கூடாது. 1985இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, பிரேசிலின் ரெசிஃபெ நகரத் தெருக்களில் தேங்காயும் பழமும் விற்ற பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்களாகப் போய்க் கணக்குக் கேட்டார்கள். 98 விழுக்காடு சரியான விடை வந்தது. அதே கணக்குகளைப் பள்ளி முறையில் தாளில் கொடுத்தபோது சரியான விடை 37 விழுக்காடாக இறங்கியது. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் நடந்து 2025இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வும் அதையே சொன்னது. சந்தையில் சில்லறை மாற்றி மனக்கணக்கு போடும் பிள்ளை தாளில் தடுமாறுகிறது. தாளில் தேறிய பள்ளிப் பிள்ளை சந்தைக் கணக்கில் தடுமாறுகிறது. ஆக, களிமண்ணைக் கொடுத்துவிட்டுப் பெரியவர் எழுந்து போனால் பிள்ளைக்குக் கைவேலை வரும், பாடம் வராது. கைக்கும் தாளுக்கும் நடுவே உள்ள ஆற்றைப் பிள்ளை தனியாகத் தாண்ட முடியாது, பாலம் பேச்சுதான். இரண்டு உருண்டையும் மூன்று உருண்டையும் சேர்ந்து ஐந்து என்று கை சொன்னதும், பெரியவர் அதைச் சொல்லாக்கி, சொன்னதை 2 + 3 = 5 என்று தாளில் வைக்க வேண்டும். செய்வது, சொல்வது, எழுதுவது என்ற இந்த வரிசையில் எதுவும் விட்டுப்போகக் கூடாது. 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும் பின்னர் மாநிலம் முழுவதும் வந்த செயல்வழிக் கற்றலில் பாட அட்டையும் கற்றல் ஏணிப்படியும் உட்காரப் பாயும் வந்தன, நல்ல மாற்றம்தான். ஆனால் பிள்ளை அட்டையை எடுத்துத் தானே முடித்து அடுத்த படிக்கு நகர்ந்துகொண்டே போகிற இடத்தில் பேச்சு குறைந்துவிடும் ஆபத்து அதிலும் இருந்தது. செயல்பாடு என்ற பெயரே போதும் என்று நினைக்கிற வீட்டுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்.

இதைவிடக் கனமான மறுப்பு நம் வரலாற்றிலிருந்து வருகிறது. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் கிராமப் பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தார்கள், காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார், அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு முழுக்க நியாயமானது என்றே நான் கருதுகிறேன். குயவர் வீட்டுப் பிள்ளைக்குச் சக்கரம், எழுத்தர் வீட்டுப் பிள்ளைக்கு ஏடு என்று பிறப்பே பாடத்தை முடிவு செய்கிற ஏற்பாட்டை இந்த மண் ஒருமுறை நிராகரித்திருக்கிறது. அந்த நிராகரிப்பின் பலனைத்தான் இரண்டு தலைமுறையாக அனுபவித்து வருகிறோம். அப்படியிருக்க, செராமிக் ஊர்ப் பிள்ளைக்குக் களிமண் என்று சொல்வது பழைய கதவைப் பின்பக்கமாகத் திறப்பதாகாதா? ஆகும், மூன்று நிபந்தனைகளை மீறினால். பள்ளி நேரத்தில் ஒரு நிமிடம்கூட இதற்காகக் குறையக் கூடாது. இது பள்ளி இல்லாத நாளுக்கு உரியது. களிமண் எல்லாப் பிள்ளைக்கும் போக வேண்டும். செராமிக் கூடத்தில் கூலி வேலை செய்பவரின் மகளுக்குப் போவதுபோல ஜங்ஷனில் வேலை செய்யும் ரயில்வே ஊழியரின் மகனுக்கும், நீதிமன்ற குமாஸ்தா வீட்டுப் பிள்ளைக்கும், முந்திரித் தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் போக வேண்டும். கற்பிப்பது தொழிலாக இருக்கவும் கூடாது. அரைக்கால் என்றால் என்ன, ட எப்படி ப ஆகிறது என்பதற்கும் ஜாடி வார்ப்பதற்கும் சம்பந்தமில்லை. மண் அங்கே கரும்பலகையின் இடத்தில் இருக்கிறது. இதே களிமண்ணை வைத்துக் கற்ற பிள்ளை வழக்கறிஞராகலாம், வானியல் படிக்கலாம், செராமிக் பொறியாளராகவும் ஆகலாம். அதை மண் முடிவு செய்யாது.

இங்கே காந்தியோடும் எனக்கு ஒரு கருத்து வேறுபாடு இருக்கிறது. 1937இல் வார்தாவில் அவர் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைப் பாடத்தின் நடுவில் வைத்தது. கையும் மூளையும் பிரிந்து நிற்கக் கூடாது என்ற அதன் அடிப்படை எனக்கு உடன்பாடு. ஆனால் பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றுப் பள்ளிச் செலவை ஈடுகட்டலாம் என்ற எதிர்பார்ப்பும் அதில் இருந்தது. விற்பனை நுழைந்ததும் பிழை செய்யும் உரிமை போய்விடுகிறது. கோணலான அகல் விலை போகாது, ஆகவே பெரியவர் கையைப் பிடித்துத் திருத்துவார், பிறகு வேகமாகச் செய்யச் சொல்வார். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டமே பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு விலக்கு வைத்திருக்கிறது. கார்த்திகைக்கு முன்னால் அகல் விற்பனை சூடுபிடிக்கும் ஊரில் அந்த விலக்கு எவ்வளவு தூரம் இழுபடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே வீட்டில் செய்யும் எந்தக் களிமண் வேலையும் நாள் முடிவில், அளக்கக் காயவைத்த பட்டை மட்டும் அளந்தபின் நனைத்து, உடைத்துப் பிசைந்து மறுபடி உருண்டையாக வேண்டும் என்பதைக் கறாரான விதியாகவே வைப்பேன். சூளைக்குப் போவதோ கடைக்குப் போவதோ வேண்டாம். உடல்நலமும் அதையே கேட்கிறது. காய்ந்த செராமிக் மண்ணின் தூசியில் சிலிக்கா உண்டு. ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்த தொழிலாளரின் நுரையீரல் கெடுவது மருத்துவம் அறிந்த செய்தி. மெருகுக் கலவைகளில் உலோகச் சேர்மங்கள் இருக்கும். தொழிற்கூடத்து மண்ணும் மெருகும் பிள்ளை கைக்கு வரக் கூடாது. கல் நீக்கிய சாதாரணக் களிமண், அளக்கக் காயவைக்கும் பட்டை தவிர எப்போதும் ஈரமாக. வேலை முடிந்ததும் விளக்குமாறு போடாமல் ஈரத்துணியால் துடைப்பது. இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

எதிரே உட்காரப் போகும் பெரியவர் யார் என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி. அம்மா நூறு நாள் வேலைக்கோ முந்திரி உடைக்கவோ போயிருப்பார், அப்பா ஷிஃப்டில் இருப்பார். அவர்களில் பலர் தொடக்கப் பள்ளியோடு நின்றவர்கள். பெற்றோர் பொறுப்பு என்று ஒரு சொல்லில் இதைத் தள்ளிவிடுவது நியாயமில்லை. படிக்காத அம்மாவால் முடியாது என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். எது கனம், எத்தனை துண்டு, இப்ப என்ன ஆச்சு என்று கேட்க எழுத்து தேவையில்லை. படியால் அரிசி அளக்கிற கைக்குப் பின்னம் தெரியும். ராஜஸ்தானிலும் பீகாரிலும் தாய்மாருக்கு எழுத்து கற்பித்தும், பிள்ளையோடு செய்ய வாராந்தரச் செயல்பாட்டுத் தாள்கள் கொடுத்தும் நடந்த சோதனையில் பிள்ளைகளின் கணக்கில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அது சிறியது. ஆகவே வீட்டை மட்டும் நம்பினால் போதாது, தெருவும் சேர வேண்டும். அதற்கான நல்ல சான்று நம்மிடமே இருக்கிறது. 2021 அக்டோபர் 27ஆம் தேதி விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் அதே தெருவின் தன்னார்வலர் ஒருவரைப் பிள்ளைகளின் எதிரில் உட்கார வைத்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. விலை உயர்ந்த சாதனம் எதுவும் அங்கே இல்லை. பிள்ளையின் பெயர் தெரிந்த ஒரு அக்கா இருந்தார். அவருக்குக் கிடைத்தது மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. செய்த வேலைக்கு அது மிகக் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி ஊர் செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. மண்ணைக் கரைத்து, சலித்து, கல்லும் மணலும் நீக்கிப் பதமாக்கத் தெரிந்தவர்கள் விருத்தாசலத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பாலிடெக்னிக்கில் பிள்ளைகள் கைக்கு எந்த மண் பாதுகாப்பானது என்று சோதித்துச் சொல்ல ஆய்வுக்கூடமும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு நீண்ட விடுமுறைக்கு முன்னும் ஊரின் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஈரத்துணியில் சுற்றிய ஓர் உருண்டையைக் கொடுத்தனுப்பலாம். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பித்தார்கள். வீட்டுக்குப் போகும் உருண்டையோடு அந்தந்த நிலைக்கு ஏற்ற ஒரு தாளையும் வைக்கலாம். அந்தத் தாள் பிள்ளைக்கு வேலை கொடுப்பதாக இருக்க வேண்டாம். பெரியவர் கேட்க வேண்டிய ஐந்தாறு கேள்விகள் அதில் பேச்சுத் தமிழில் இருக்கட்டும். வாசிக்கத் தெரியாத பாட்டிக்கு அடுத்த வீட்டு அக்கா ஒருமுறை வாசித்துச் சொன்னால் நினைவில் நிற்கும் அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும். பள்ளி திறந்த முதல் நாள் ஆசிரியர் பாடநூலைத் திறக்கும் முன், விடுமுறையில் எழுதிய அந்த இரண்டிரண்டு வரிகளைப் பிள்ளைகளிடம் வாங்கி, வகுப்பில் உரக்கப் படிக்கட்டும்.